நான் சிவப்பு மையால் வெட்டிய தாள்

திட்டத்தை உங்கள் மூவரிடமும் ஒப்படைத்த அன்று அலுமாரிச் சாவி, கோப்புகள், பழைய மாணவர் பட்டியல், பாதி நேரம் வேலை செய்யாத அந்தப் புரொஜெக்டர் என்று எல்லாவற்றுக்கும் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். ஒன்றை மட்டும் ஒப்படைக்கவில்லை. வாய் வரவில்லை. நேரில் சொல்லத் தொடங்கினால் நடுவில் எழுந்து தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவேன் என்று என்னை எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

நீண்ட விடுமுறையில் எட்டு வாரம். பல்கலைக்கழகத்தில் பிரயோக கணிதம் படிக்கும் மூன்றாம் வருடப் பிள்ளைகள். ஊரில் இருக்கிற ஒரு பிரச்சினையை எடுத்துச் சமன்பாடாக்கி, கடைசியில் ஊரைக் கூப்பிட்டு வைத்துச் சொல்லிக்காட்ட வேண்டும். பணம் எப்படிக் கேட்பது, பிள்ளைகளை எப்படித் தெரிவுசெய்வது எல்லாம் கோப்பில் கிடக்கிறது. நான் சொல்லப்போவது கோப்பில் இல்லை.

முதலில் ஒரு சிரிப்புக் கதை சொல்கிறேன். திட்டம் தொடங்கிய புதிதில் கல்முனைச் சந்தியின் வாகன நெரிசலைப் பிள்ளைகள் எண்ணினார்கள். மலைநாட்டிலிருந்து வந்த ஒரு மாணவன் கெட்டிக்காரன். வெள்ளிக்கிழமை மதியத்தில் ஒரு மணித்தியாலம் தாள் வெறுமையாகக் கிடந்தது. எண்ணுகிறவன் எங்கேயோ தூங்கிவிட்டான் என்று நினைத்து, மற்ற நாட்களின் சராசரியை அந்த இடத்தில் நிரப்பிவிட்டான். கடைசி நாள் படத்தைத் திரையில் போட்டதும் மண்டபமே சிரித்தது. பின்னால் இருந்த ஆட்டோக்காரர் ஒருவர் எழும்பி, "தம்பி, ஜும்ஆத் தொழுகை நேரத்துல சந்தியில இவ்வளவு ஆட்டோ ஓடுதெண்டா நாங்க ஒருத்தரும் பள்ளிக்குப் போறல்லயா?" என்று கேட்டார். அவன் முகம் சிவந்து போனது. நானும் வயிறு நோகச் சிரித்தேன். வெறுமையாகக் கிடந்த தாளும் ஒரு பதில்தான், அதை எழுதியவனைக் கேட்டிருக்க வேண்டும் என்று பெரிய மனுஷன் மாதிரிப் புத்தி வேறு சொன்னேன். அந்தப் புத்தியை எனக்குச் சொல்ல வேண்டிய நாள் வந்தபோது ஒருவரும் இருக்கவில்லை.

பிறகுதான் போத்தல் வருடம் வந்தது.

எஞ்சின் நின்றுபோன படகு கடலில் எந்தப் பக்கம் இழுபடும் என்பதை முன்கூட்டிச் சொல்ல ஒரு மாதிரியுரு செய்வதாக முடிவெடுத்தோம். நம் கரையில் அது விளையாட்டு இல்லை. வருடத்துக்கு ஒரு வீடாவது வாசலில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும். வழி எளிது. இறுக மூடிய போத்தல்களுக்குள் தொலைபேசி இலக்கம் எழுதிய துண்டு வைத்து, அன்றன்றே கரை திரும்பும் ஒருநாள் படகுகளுக்குக் கொடுத்தோம். படகோட்டி போத்தலைப் போட்ட இடத்தையும் நேரத்தையும் தாளில் எழுத வேண்டும். இடத்துக்கு அவர்களிடமுள்ள ஜீபீஎஸ் கருவியின் எண்கள். போத்தலைக் கண்டெடுப்பவர் எங்களுக்கு அழைப்பார். இரண்டு இடங்களும் நேரமும் கிடைத்தால் நீரோட்டமும் காற்றும் படகை எப்படி இழுக்கும் என்று சரிபார்க்கலாம்.

அந்தக் குழுவில் சிஃபானா இருந்தாள். சாய்ந்தமருதுப் பிள்ளை. அவளுடைய வாப்பா சலீம் காக்கா, சொந்தப் படகு வைத்துக் கடலுக்குப் போகிறவர். மகள் கேட்டாள் என்பதற்காக மற்றவர்களை விட இரண்டு மடங்கு போத்தல் போட்டார். தாள்களை அவர் சொல்லச் சொல்ல மகள்தான் நிரப்பினாள். குண்டு குண்டான அழகான எழுத்து.

மற்றப் படகுகளின் போத்தல்கள் எங்கள் கணக்குக்கு ஓரளவு ஒத்துப் போயின. சலீம் காக்காவின் போத்தல்கள் மட்டும் சொன்ன பேச்சுக் கேட்கவில்லை. தெற்கே போயிருக்க வேண்டியவை மருதமுனைக்கு வடக்கே ஆட்களின் வலையில் அகப்பட்டன. ஒன்றிரண்டல்ல, எல்லாமே அப்படி.

நான் சம்மாந்துறை வயல்காரன் மகன். எங்கள் பக்கம் ஒருவன் தன் வயல் எங்கே இருக்கிறதென்று பொய் சொல்ல முடியாது. வரம்பில் நின்று ஊரே பார்க்கும். கடல்காரருக்கு அப்படியில்லை என்பது எனக்குத் தெரியாது. கடலுக்கடியில் மீன் கூடும் பாறைக்கு அவர்கள் கல்லு என்று பெயர் சொல்வார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கல்லு உண்டு. அதைத் தேடிக் கண்டவர் தம்பிக்கும் சொல்லமாட்டார். கேட்டால் வேறொரு பக்கத்தைக் கைகாட்டுவார். கேட்டவரும் அது பொய்யென்று தெரிந்துகொண்டே தலையாட்டுவார். இதில் ஒருவருக்கும் கோபமில்லை, பாவமென்றும் நினைப்பதில்லை. கரை முழுக்கத் தெரிந்த அந்த வழக்கம் தெரியாத ஒரே மடையன், கடற்கரையில் பதினெட்டு வருடம் கணிதம் படிப்பித்த நான்.

ஊரைக் கூப்பிட்டுச் சொல்லிக்காட்டும் நாளுக்கு முதல் நாள் பின்னேரம். பிள்ளைகள் போய்விட்டார்கள். நான் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். சிஃபானா கதவடியில் நின்றாள்.

"சேர், வாப்பாட தாளப் பத்தி ஒரு விஷயம் கதைக்கணும்."

"என்ன விஷயம்?"

அவள் ஃபர்தாவின் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். "அந்த இடம்... சேர், அத வேற விதமாப் பாக்கணும் போல."

"நாளைக்குக் காலையில ஆக்கள் வாறாங்க. இப்பவா புள்ள கதை? ஒத்து வராதத வெட்டு."

"இல்ல சேர், அது வந்து..."

"வெட்டு எண்டனே!"

அவள் வெட்டும் வரை காத்திருக்கவும் எனக்குப் பொறுமை இல்லை. சிவப்புப் பேனையை எடுத்துச் சலீம் காக்காவின் தாள்களில் மூலைக்கு மூலை ஒரு கோடு போட்டேன். அவள் அந்தக் கோட்டையே பார்த்தாள். பிறகு, "ஓம் சேர்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தன் வாப்பா எழுதிக் கொடுத்தது பொய் என்று வாத்தியாரிடம் சொல்வது ஒரு மகளுக்கு எவ்வளவு பாரம் என்பதை யோசித்துப் பாருங்கள். அந்தப் பாரத்தைத் தூக்கிக்கொண்டு வாசல் வரைக்கும் வந்தவளை நான் திருப்பி அனுப்பினேன்.

மறுநாள் மண்டபம் நிறைந்திருந்தது. சலீம் காக்கா வெள்ளைச் சேட்டும் சாரனும் உடுத்து முன்வரிசையில் இருந்தார். நான் படத்தைக் காட்டி, எஞ்சின் நின்ற இடம் தெரிந்தால் மூன்று நாளுக்குள் படகைக் கண்டுபிடித்துக் கொடுப்போம் என்று அடித்துச் சொன்னேன். மூன்று நாள் என்பது எந்தச் சமன்பாட்டிலிருந்தும் வரவில்லை. கைதட்டலுக்காக வாயில் வந்தது. முடிந்ததும் அவர் வந்து என் கையைப் பிடித்தார்.

"அப்ப சேர், கடல்ல கிடந்தா மூணு நாள் தாங்கினாக் காணும், என்ன?"

"மூணு நாள் காணும் காக்கா," என்றேன், சிரித்துக்கொண்டு.

அதற்குப் பிறகு அறிக்கை எழுதும் வாரம். செவ்வாய்க்கிழமை விடியச் சலீம் காக்காவும் அவருடைய கூட்டாளி காதரும் கடலுக்குப் போனார்கள். மதியம் லுஹருக்குப் பிறகு சலீம் காக்கா தன் தம்பிக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறார். "எஞ்சின் நிண்டுட்டு, நாங்க..." என்றதோடு அழைப்பு அறுந்துவிட்டது. இரவு வரவில்லை. புதன் காலை மீனவர் சங்கத் தலைவர் நாலைந்து பேரோடு என் அறைக்கு வந்தார்.

"சேர், நீங்கதான் கணக்கு வச்சிரிக்கீங்க. எந்தப் பக்கம் போறெண்டு சொல்லுங்க."

"அவர் எங்க மீன் பிடிக்கிறவர்?"

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அது ஒருத்தருக்கும் தெரியா சேர். மகள்ட வேலையெண்டு உங்கட தாள்ல சரியா எழுதித் தந்திருப்பார்தானே."

எழுதித் தந்திருந்தார். நான் வெட்டிய தாள்கள். இப்போது அந்தப் படகைப் பற்றி என்னிடமிருந்தது அவை மட்டும்தான். உங்களுக்கு உண்மையைச் சொல்கிறேன், ஒரு கணம் தயங்கினேன். ஒத்து வராத தாள்களாயிற்றே. அப்போது என் மூளை வேலை செய்த விதத்தைக் கவனியுங்கள், உங்களுக்கும் இது நடக்கும். இடம் சரியாகத்தான் இருக்கும், போத்தலைத்தான் யாரோ எடுத்துத் திரும்ப வேறெங்கோ வீசியிருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாலைந்து பேர் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டு நிற்கும்போது மனுஷனுக்குத் தெரியாதது என்று எதுவும் இருப்பதில்லை.

சங்கத் தலைவர் கேட்டார். "அந்தப் புள்ளய ஒருக்காக் கேட்டுப் பாப்பமா சேர்? வாப்பாட விஷயம் அதுக்குத் தெரியுமே."

"வேணாம். அழுதுக்கிட்டு இருக்கிற புள்ளைய ஆக்களுக்கு நடுவுல கூப்பிட்டு என்னத்தக் கேக்குற? விடுங்க."

மரியாதை என்று நினைத்துத்தான் சொன்னேன். அவளுடைய வீடு மோட்டார் சைக்கிளில் இருபது நிமிடம். கதவடியில் நின்ற ஒருத்தியின் முகம் எனக்கு ஞாபகம் வந்தது என்பதும், அந்த முகத்தை அன்று பார்க்க எனக்கு விருப்பமில்லை என்பதும் இன்னொரு காரணம்.

தாளிலிருந்த இடத்திலிருந்து கணக்கை ஓடவிட்டேன். தென்கிழக்கே ஒரு வட்டம் விழுந்தது. அதைக் காகிதத்தில் அச்சடித்துக் கொடுத்தேன். புதனும் வியாழனும் பதினொரு படகுகள் தங்கள் தொழிலை விட்டுவிட்டு அந்த வட்டத்துக்குள் தேடின.

வெள்ளி விடியல், சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு என் தொலைபேசி அடித்தது. சிஃபானா.

"சேர், படகுகள எங்க அனுப்பினீங்க?"

"தென்கிழக்கால. வாப்பா எழுதின இடத்துலருந்து..."

அவள் என்னை முடிக்க விடவில்லை. "யா அல்லாஹ்! அது நீங்க வெட்டின தாள்தானே சேர்! வெட்டினத எடுக்க மாட்டீங்கெண்டு இருந்துட்டனே! அந்த இடம் பொய் சேர். வாப்பாட கல்லு வடக்கால இரிக்கு. எண்ண மாத்திப் போடச் சொன்னது வாப்பாதான்."

வீட்டில் பெண்கள் உள்ளே, ஆண்கள் வாசலில். எந்தப் பக்கம் தேடுகிறார்கள் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. "சேர் கணக்குப் போட்டுக் குடுத்திட்டார், கவலப்படாதீங்க," என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். முந்திய நாள் இரவு யாரோ வாசலில் தெற்கு என்று சொன்னது காதில் விழுந்து, விடியும் வரை யோசித்து யோசித்து அழைத்திருக்கிறாள். சரியான எண்கள் அவளுக்கு மனப்பாடம். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். இரண்டு தடவை திருப்பி வாசித்துச் சரிபார்த்தேன்.

புதிய வட்டம் வடகிழக்கே விழுந்தது. அந்தப் பக்கம் நின்ற ஒரு பலநாள் படகுக்குச் சங்கத்தார் செய்தி அனுப்பினார்கள். சனி காலை அவர்கள் படகைக் கண்டார்கள். என் கணக்கு மிகச் சரியாக இருந்தது. புதன்கிழமையே அந்த எண்கள் என்னிடம் இருந்திருந்தால் போதும்.

காதருக்கு உயிர் இருந்தது. சலீம் காக்கா முந்திய நாள் பின்னேரம், அஸருக்குப் பிறகு மௌத்தாகியிருந்தார்.

ஜனாஸாத் தொழுகையில் நான் கடைசி வரிசையில் நின்றேன். ஒருவரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சங்கத் தலைவர் வந்து, "நீங்க உங்களால ஏலுமானதச் செஞ்சீங்க சேர்," என்று தோளைத் தொட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

காதர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் சலீம் காக்காவின் வீட்டில் நடந்ததைச் சொன்னார். நானும் அங்கே இருந்தேன். "தண்ணிய மூணு நாளைக்கெண்டுதான் பங்கு வச்சான் சேர். மூணு நாள் காணுமெண்டு நீங்க சொன்னயாம். வியாழன் பின்னேரத்தோட முடிஞ்சி. அவனுக்குச் சீனி வியாதி வேற. கடசி மொடக்கையும் எனக்குத்தான் தந்தான்." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் கேட்டன், 'டேய், நீ எழுதிக் குடுத்த இடம் பொய்தானே, எப்பிடி வருவாங்க?' எண்டு. 'புள்ளைக்குத் தெரியும்டா. அவ சொல்லுவா' எண்டான். மௌத்தாகுற வரைக்கும் தெக்குப் பக்கம் பாத்துக்கிட்டே இருந்தான்."

திரைக்குப் பின்னால், பிற ஆண்கள் காணாமல் இத்தாவில் இருந்த சிஃபானாவின் உம்மாவுக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. "நீ ஏன்புள்ள முதல்ல சொல்லல்ல?" என்ற குரல் உள்ளேயிருந்து வந்தது. மகளின் பதில் எனக்குக் கேட்கவில்லை.

இனி வருவதுதான் நான் உங்களிடம் ஒப்படைக்காமல் வைத்திருந்தது.

மாதம் ஒன்று கழித்துச் சிஃபானா என் அறைக்கு வந்தாள். உம்மாவின் தம்பி, அவளுடைய மாமா, கூட வந்து பக்கத்தில் இருந்தார். அவள் மெலிந்து போயிருந்தாள்.

"சேர், பிரசன்டேஷனுக்கு முதல் நாள் பின்னேரம் வாப்பாட தாளப் பத்திக் கதைக்க வந்தன். ஞாபகம் இரிக்கா சேர்? உம்மா என்னோட கதைக்கிறல்ல. நான் சொல்ல வந்தெண்டு நீங்க மாமாக்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாக் காணும்."

ஒரு வார்த்தை. ஓம் என்ற ஒரே வார்த்தை. அந்த வாரம்தான் மேலிடத்திலிருந்து என்ன நடந்ததென்று எழுத்தில் கேட்டிருந்தார்கள். திட்டத்தை மூடிவிடுவார்களோ என்று பயந்தேன். இல்லை, திட்டத்தின் மேல் பழி போடக் கூடாது. என் பெயரைப் பற்றித்தான் பயந்தேன். மகள் எச்சரிக்க வந்தாள், வாத்தியார் வெட்டினார், பிறகு வெட்டியதையே எடுத்து ஆளைத் தேட அனுப்பினார் என்று ஊர் கதைக்கும். மேசையில் கிடந்த பேனையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"ஞாபகம் இல்ல புள்ள. அண்டைக்கு நிறையப் பேர் வந்து போனாங்க."

"சரி சேர்," என்றாள். மாமா எழும்பி ஸலாம் சொன்னார். இரண்டு பேரும் போனார்கள்.

அதற்குப் பிறகு நான் எத்தனை வருடம் இந்தத் திட்டத்தை நடத்தினேன் என்று உங்களுக்குத் தெரியும். நல்ல பெயர். ஓய்வு பெறும்போது பொன்னாடை கூடப் போர்த்தினீர்கள். ஒவ்வொரு வருடமும் முதல் நாள் பிள்ளைகளிடம், ஒத்து வராத தரவை வெட்டாதே, எழுதியவரைத் தேடிப் போய்க் கேள் என்று தொண்டை கிழியச் சொன்னேன். சேர் எவ்வளவு கவனமான ஆள் என்று நீங்களே ஒரு தடவை சொன்னீர்கள். அன்று எழும்பி வெளியே போனேன், ஞாபகமிருக்கும்.

உங்களுக்கும் கடைசி வாரம் வரும். மறுநாள் மண்டபத்துக்கு ஆட்கள் வர இருப்பார்கள். அப்போது பார்த்து ஒரு பிள்ளை கதவடியில் வந்து பாதி வசனத்தோடு நிற்கும். பேனையைக் கீழே வைத்துவிட்டு இருக்கச் சொல்லுங்கள். அப்படியும் தவறு நடந்தால், நடக்கும், பிழைவிட்டவன் தன் வாயால் ஓம் என்று சொல்லிவிட வேண்டும். பிழை சலீம் காக்காவை ஒரு தடவைதான் கொன்றது. என் பொய் அந்த வீட்டில் தினமும் சோறு தின்றுகொண்டிருந்தது.

போன மாதம் அவள் வீட்டுக்குப் போனேன். சாய்ந்தமருதில் அதே வளவு, கல்வீடாகியிருக்கிறது. சிஃபானா இப்போது ஒரு பாடசாலையில் கணித ஆசிரியை. மேசையில் பிள்ளைகளின் கொப்பிகள் அடுக்கியிருந்தன. பச்சை மையால் திருத்தியிருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பி நின்றாள். பழைய மரியாதை.

"உம்மாவப் பாக்கத்தான் வந்தன் புள்ள. அவக்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

"உம்மா போன நோன்புல மௌத்தாகிட்டா சேர். உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. மனதுக்குள் சொல்லிக்கொண்டு வந்ததை இனி யாரிடம் சொல்வதென்று கொஞ்ச நேரம் தடுமாறினேன். பிறகு அவளிடமே சொன்னேன். அன்று எல்லாம் ஞாபகம் இருந்தது, வேண்டுமென்றேதான் ஞாபகம் இல்லை என்று சொன்னேன், என்னை மன்னித்துக்கொள் என்றேன். எழுபதை நெருங்கும் ஆள் அழக் கூடாதென்று நினைத்தும் அழுதேன்.

அவள் அழவில்லை. உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாள்.

"ஞாபகம் இருந்ததெண்டு எனக்கு அண்டைக்கே தெரியும் சேர். என்ட முகத்தப் பாக்காமத்தானே சொன்னீங்க."

"ஏன் புள்ள நீ என்னப் பிறகு கேக்கல்ல?"

"என்னத்தக் கேக்குற சேர்." கோப்பையை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். "உம்மா படுக்கையில விழுந்த பிறகும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தா. 'நீ ஏன்புள்ள முதல்ல சொல்லல்ல?' எண்டு. 'சேரிட்டச் சொல்லப் போனன் உம்மா' எண்டு நானும் சொல்லுவன். 'சேர் இல்லெண்டு சொன்னாராமே' எண்டுவா. அதுக்குப் பிறகு கதை இல்ல."

நான் கோப்பையைத் தொடவில்லை.

"நோன்புக்கு முதல்ல வந்திருக்கலாமே சேர்," என்றாள். "தேத்தண்ணி ஆறுது. குடிங்க."